பூட்டும் சாவியும்: கணினிப் பாதுகாப்பைக் கற்கத் தொடங்குவோருக்கு

"சார், பையன் பிளஸ் டூ முடிக்கப் போறான். எத்திக்கல் ஹேக்கிங் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். அது வேலை கிடைக்கிற படிப்பா, இல்லை போலீஸ் வீடு தேடி வர்ற படிப்பா?"

பொங்கல் விழாவானாலும் சரி, சங்கத்தின் மாதாந்திரக் கூட்டமானாலும் சரி, கணினித் துறையில் வேலை பார்ப்பவர் யாரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் வீடு திரும்புவதில்லை. கேட்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டைப்ரைட்டிங்கிலும் சுருக்கெழுத்திலும் லோயர், ஹையர் தேறிவிட்டு, டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மில் பலர். கையில் ஒரு வித்தை இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது நமக்கு அனுபவம் தந்த நம்பிக்கை. 'இந்தக் காலத்து டைப்ரைட்டிங் எது?' என்று தேடிக்கொண்டே இருக்கிறோம். அந்தத் தேடலை நன்றாகப் புரிந்துகொண்டு, ஆறே மாதத்தில் ஹேக்கர் ஆக்கிவிடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் விளம்பரங்களும் வந்துவிட்டன. பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்தத் துறையைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 'ஹேக்' என்ற சொல்லைக் கணினி உலகுக்குக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் இருந்த மாதிரி ரயில் கிளப் மாணவர்கள். 1950களின் கடைசியிலும் 60களிலும், பொம்மை ரயிலுக்குச் சிக்னல் அமைப்பதில் காட்டிய சாமர்த்தியமான கைவேலைக்குத்தான் அவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் அதன் மூலப்பொருள். திருட்டு என்ற அர்த்தம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கற்கத் தொடங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழைய பொருளைத்தான். பூட்டை உடைக்கக் கற்பதிலிருந்து இந்தப் படிப்பு தொடங்குவதில்லை. பூட்டு எப்படிச் செய்யப்படுகிறது, சாவி உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று கற்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

75 காசுக் கணக்கு

இதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்லலாம். 1986ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞருக்கு ஆராய்ச்சி மானியம் தீர்ந்துபோனதால், அதே ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். அப்போதெல்லாம் கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. 'போனால் போகிறது, முக்கால் டாலர்தானே' என்று விட்டுவிடாமல், எங்கே தப்பு என்று பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தால், யாரோ ஒருவர் ஏறத்தாழ ஒன்பது நொடி நேரம் பணம் கட்டாமல் கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஸ்டோல் பல மாதம் போனார். வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் இரவல் வாங்கிய பிரிண்டர்களை மாட்டி, உள்ளே வந்தவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பதிய வைத்தார். நாள், நேரம், நடந்தது எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். கடைசியில் ஆள் அகப்பட்டது மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவி, கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவன்.

ஸ்டோலுக்குக் கணினிப் பாதுகாப்பில் எந்தப் பட்டமும் கிடையாது. அவருக்குத் தெரிந்திருந்தது, தன் கணினியில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது. வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தபோது அது கண்ணில் உறுத்தியது. சரி, உள்ளே வந்தவனாவது மகா மேதாவியா என்றால் அதுவும் இல்லை. பல இடங்களில் அவன் நுழைந்தது, கணினியை விற்ற கம்பெனி முதல்நாள் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால். நம் வீட்டு வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'அட்மின், அட்மின்' என்று இருக்கிறதே, அதே கதைதான். (தணிக்கையாளர் வேலையிலும் கணக்கு எழுதும் வேலையிலும் இருப்பவர்கள் இந்தத் துறைக்கு வந்தால் நன்றாகச் சோபிப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 75 காசு இடித்தால் ராத்தூக்கம் வராதவர்கள் அவர்கள்தாமே!)

எங்கே ஆரம்பிப்பது?

புதுக் கணினி தேவையில்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை அதில் நிறுவினால், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்குள் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட வேண்டும். உபுண்டு போன்ற வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் கணினியை எத்தனை முறை கெடுத்தாலும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், வெளியே அப்பாவின் வருமான வரிக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் காளி லினக்ஸ் என்ற வகையைத்தான் முதலில் போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான சோதனைக் கருவிகள் அதில் தயாராக இருக்கின்றன என்பதால் ஓர் ஈர்ப்பு. என் அபிப்பிராயத்தில் அது இரண்டாம் வருடத்துக்கு உரியது. சமைக்கத் தெரியாதவர் வீட்டில் நூறு பாத்திரம் இருந்து என்ன பிரயோஜனம்?

லினக்ஸில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அனுமதி முறை. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பினர் உண்டு: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். ஒவ்வொரு தரப்புக்கும் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று மூன்று கேள்விகள். நம் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் படிக்கலாம், எழுதலாம். செயற்குழுவினர் படிக்கலாம், எழுதக் கூடாது. மற்றவர்களுக்கு இரண்டும் கிடையாது. லினக்ஸில் இதை 640 என்று மூன்றே இலக்கத்தில் சொல்லிவிடுவார்கள். இதற்கெல்லாம் மேலே 'ரூட்' என்று ஒருவர் உண்டு. அவருக்கு எந்தத் தடையும் கிடையாது. ஸ்டோல் பிடித்த ஆள் அந்த ரூட் பதவியை எப்படி அடைந்தான் தெரியுமா? கடிதங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஒரு சின்ன நிரலுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்து வைத்திருந்தார்கள். எந்தக் கோப்பையும் எங்கு வேண்டுமானாலும் அது நகர்த்தியது. பியூனிடம் சேர்மன் அறைச் சாவியைக் கொடுத்து வைத்த மாதிரி. பெரிய பெரிய ஊடுருவல்களின் விவரத்தை இன்று படித்தாலும், நடுவில் எங்கோ 'தேவைக்கு மேல் அதிகாரம்' என்ற வரி வந்தே தீரும்.

அடுத்தது வலையமைப்பு. ஐ.பி. முகவரி என்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் விலாசம் என்றால், போர்ட் என்பது உள்ளே இருக்கும் கதவு எண். 443ஆம் கதவில் பாதுகாப்பான இணையதளம் பதில் சொல்லும், 22ஆம் கதவில் நிர்வாகி தூரத்திலிருந்து உள்ளே வருவார். பெயரைச் சொன்னால் விலாசத்தைத் தேடித் தருவது டி.என்.எஸ். இவ்வளவும் புத்தகத்தில் படித்தால் அரை மணி நேரத்தில் மறந்துபோகும். வயர்ஷார்க் என்ற இலவசக் கருவியை நிறுவி, உங்கள் சொந்தக் கணினியிலிருந்து போகும் வரும் பொட்டலங்களைப் பார்த்தால் மறக்காது. ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் டி.என்.எஸ். கேள்வி போவதும், பிறகு இரு கணினிகளும் 'வணக்கம், வணக்கம், சரி' என்று மூன்று பொட்டலத்தில் அறிமுகம் செய்துகொள்வதும் கண்ணெதிரே தெரியும். பூட்டுப் படம் இல்லாத பழைய பாணி இணையப்பக்கத்தில் நீங்கள் தட்டிய வார்த்தைகள் அப்படியே பச்சையாகப் போவதையும், பூட்டுள்ள பக்கத்தில் அதே வார்த்தைகள் குழம்பிய எழுத்துகளாகப் போவதையும் பையன் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். 'மறையீட்டாக்கம்' என்ற அத்தியாயத்தின் பாதியை அவனே வந்து வீட்டில் சொல்வான்.

உப்பு போட்ட பாஸ்வேர்டு

கற்பவருக்கு ருசி ஏற்படுத்தும் பாடம் ஒன்று உண்டென்றால் அது பாஸ்வேர்டு. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாம் ஓர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கும்போது கொடுக்கும் பாஸ்வேர்டை அவர்கள் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருட்டுப்போயின. எல்லாம் பச்சையாக எழுதி வைக்கப்பட்டவை. ஆராய்ந்து பார்த்ததில் முதலிடம் பெற்றது 123456. ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றைக்கும் மாணவர்களின் பயிற்சிப் பொருளாக இருக்கிறது. திருடர்களின் பயிற்சிப் பொருளாகவும்தான்.

அப்படியென்றால் எப்படி வைக்க வேண்டும்? பாஸ்வேர்டை 'ஹேஷ்' என்ற கணக்கில் போட்டு அரைத்து வைக்க வேண்டும். மிளகாயை அரைத்துப் பொடியாக்கிவிட்டால் பொடியிலிருந்து மிளகாயைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் இந்த அரவை மில்லில் அதே சரக்கைப் போட்டால் எத்தனை தடவையானாலும் அணு பிசகாமல் அதே பொடி வரும். ஆகவே நீங்கள் மறுபடி உள்ளே வரும்போது தட்டியதை அரைத்துப் பார்த்து, முன்பு வைத்திருந்த பொடியோடு ஒப்பிட்டால் போதும். மூலப் பாஸ்வேர்டு நிறுவனத்துக்கே தெரிய வேண்டியதில்லை. லினக்ஸில் இதற்கென்றே கட்டளைகள் உண்டு. உங்கள் பெயரை அரைத்துப் பாருங்கள், ஓர் எழுத்தை மாற்றி மறுபடி அரையுங்கள். விடை முழுவதுமாக மாறியிருக்கும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பொடிதான் வரும். திருடன் பிரபலமான சொற்களை முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம். 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் ஒரு கட்டுரையில் இதற்கு மாற்று சொன்னார்கள். ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் தற்செயலாகத் தேர்ந்த சில எழுத்துகளைச் சேர்த்து அரைத்துவிடுவது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு! ஆளுக்கு ஓர் உப்பு என்பதால், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பொடி வேறு வேறாக வரும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். சின்ன எழுத்துகளில் எட்டெழுத்துப் பாஸ்வேர்டு என்றால் மொத்த வாய்ப்புகள் 26ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 20,882 கோடி. அடேயப்பா என்று தோன்றும். ஆனால் எம்.டி.5 என்ற பழைய அரவையை, விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு ஆயிரம் கோடி முறைக்கு மேல் செய்துவிடும். 21 நொடியில் தீர்ந்தது கதை. அதனால்தான் 1999இல் பிகிரிப்ட் என்ற, வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே வருகிற உங்களுக்குக் கால் நொடி தாமதம் தெரியாது, கோடிக்கணக்கில் முயல்கிறவனுக்கு ஆயுள் போதாது. பேரன் பெயரோடு பிறந்த வருடம், முருகனோடு 123 என்றெல்லாம் வைப்பது ஏன் கூடாது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைக்கு யாரும் உபதேசிக்க வேண்டியிருக்காது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைத் தற்செயலாக எடுத்துக் கோத்தால் மனப்பாடமும் ஆகும், பலமும் உண்டு.

'மட்டும்' என்ற சொல்

இணையதளங்களின் ஓட்டைகளில் பழையதும் இன்னும் ஒழியாததுமான எஸ்.க்யூ.எல். ஊடுருவலை நம் காசோலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 'ரூபாய் ஐந்நூறு' என்று எழுதி இடம் விட்டுவிட்டால் இன்னொருவர் அதன் பக்கத்தில் எதையாவது சேர்த்து எழுதிவிடலாம். அதனால்தான் 'மட்டும்' என்று எழுதிக் கோடு இழுக்கிறோம். இணையதளத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பின்னால் தரவுத்தளத்துக்கு உரிய கட்டளையையும் சேர்த்துத் தட்டினால், கவனக்குறைவாக எழுதிய நிரல் பெயர் எங்கே முடிகிறது, கட்டளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அதையும் நிறைவேற்றிவிடும். 1998 முதலே வெளிப்படையாகப் பேசப்பட்டுவரும் ஓட்டை இது. கொடுத்ததைத் தகவலாக மட்டுமே பார்க்க வேண்டும் என்று தரவுத்தளத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் முறையில் எழுதினால் அடைபட்டுவிடும். நிரல் எழுதத் தெரிந்தால்தான் இது சரியாகப் புரியும். ஆகவே பைத்தான் மொழி ஓரளவு வேண்டும். கணிதத்தில் பெரிய புலமை ஆரம்பத்தில் தேவையில்லை.

கோடு எங்கே இருக்கிறது?

இப்போது பெற்றோரின் போலீஸ் கேள்விக்கு வருவோம். அது நியாயமான கேள்வி.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2008இல் திருத்தப்பட்டது. அதன் 43ஆம் பிரிவின்படி உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதும், அதிலிருந்து தகவலை நகலெடுப்பதும், வைரஸைப் புகுத்துவதும், அதன் வேலையைக் குலைப்பதும் நஷ்ட ஈட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தில் முக்கியமான சொல் 'அனுமதி'. உடைத்தாயா, திருடினாயா என்பதெல்லாம் பிறகு. "சும்மா பார்த்தேன் அங்கிள்" என்பது அனுமதி ஆகாது. பக்கத்து வீட்டு வைஃபை, கல்லூரியின் மதிப்பெண் தளம், நண்பனின் இன்ஸ்டாகிராம் எல்லாம் இதில் அடக்கம்.

திறமை இருந்தால் கோட்டைத் தாண்டியதை உலகம் மன்னித்துவிடும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாஸ்வேர்டுக்கு உப்பு போட்ட ராபர்ட் மாரிஸ் பிற்பாடு அமெரிக்க அரசின் தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி ஆனார். அவருடைய மகன், அதே பெயருள்ள ராபர்ட் மாரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1988 நவம்பர் 2 அன்று தானாகவே பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். பாஸ்வேர்டை ஊகிக்க 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலும் அதற்குள் இருந்தது! அது பரவும் வேகத்தில் போட்ட கணக்கு பிசகி, அன்றைய சிறிய இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் திணறிப்போயின என்று மதிப்பிட்டார்கள். எதையும் அழிக்கும் நோக்கம் அந்த நிரலில் இல்லை. இருந்தும் 1990இல் தண்டனை கிடைத்தது: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அவர் பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார் என்பது உண்மை. அப்படி மீண்டவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும், மீளாதவர்களின் பெயர் தெரியாது.

இன்னொருவர் இங்கிலாந்தின் மார்கஸ் ஹட்சின்ஸ். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பிணைப்பண மென்பொருள் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளை முடக்கியது. (அதற்கான அடைப்பை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, கொடுத்திருந்தது. 'அப்டேட்' கேட்டபோது 'பிறகு' என்று தட்டியவர்கள்தாம் அகப்பட்டார்கள்.) அந்த நிரலை ஆராய்ந்த 22 வயது ஹட்சின்ஸ், யாரும் பதிவு செய்யாத ஓர் இணையப் பெயரை அது தேடுவதைக் கண்டு, சில டாலர் செலவில் அந்தப் பெயரைப் பதிவு செய்தார். பரவல் நின்றது. கல்லூரிப் பட்டம் இல்லாமல் தானாகவே கற்ற பையன். உலகமே கொண்டாடியது. மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 2 அன்று, லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். காரணம், பதின்வயதிலும் அதையொட்டிய வருடங்களிலும் வங்கிக் கணக்குகளைத் திருட உதவும் நிரல்களை எழுதியது. 2019 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு செய்த நல்ல காரியங்களைக் கருதி நீதிபதி மேற்கொண்டு சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் இடைப்பட்ட இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப முடியாமல் அமெரிக்காவிலேயே கிடந்தார். 16 வயதில் தனி அறையில் உட்கார்ந்து செய்த வேலை 23 வயதில் விமான நிலையத்தில் வந்து தோளைத் தொட்டது. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று திட்டாமல் விசாரிக்க, அந்த விஷயத்தில் பெற்றோருக்கும் கொஞ்சம் பரிச்சயம் வேண்டும் என்பது இதனால்தான்.

அப்படியானால் பழகுவதற்கு இடம்? தாராளமாக இருக்கிறது. 'ஓவர் தி வயர்' என்ற தளத்தில் 'பேண்டிட்' என்று ஒரு விளையாட்டு உண்டு. இலவசம். உடைப்பதற்கென்றே வைத்த கணினி, முழு அனுமதியோடு. முதல் நிலையில் ஒரு கோப்பைத் திறந்து படித்தால் அடுத்த நிலையின் பாஸ்வேர்டு கிடைக்கும். பெயருக்கு நடுவில் இடைவெளி உள்ள கோப்பு, மறைந்திருக்கும் கோப்பு என்று 30 நிலைகளுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கடினமாகிக்கொண்டே போகும். லினக்ஸ் தானாகக் கைக்கு வந்துவிடும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்தும் 'பிக்கோ சி.டி.எஃப்.' பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. இணையதள ஓட்டைகளுக்கு, ஓவாஸ்ப் என்ற அமைப்பு வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த 'ஜூஸ் ஷாப்' என்ற போலிக் கடை இருக்கிறது. உங்கள் விர்ச்சுவல் கணினிக்குள்ளேயே கடையை விரித்து, கல்லாவை உடைக்கலாம். விடைகள் இணையத்தில் கிடைக்கும். பார்க்காமல் இரண்டு நாள் முட்டி மோதுவதில்தான் படிப்பு இருக்கிறது.

தற்செயலாக வெளியே எங்காவது ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால்? அங்கேயே நிற்க வேண்டும். மேற்கொண்டு தோண்டுவதோ, பிறருடைய தகவலை இறக்கிக்கொள்வதோ, நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்புவதோ கூடாது. அந்த நிறுவனத்துக்கு எழுதலாம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் இத்தகைய தகவல்களைப் பெற்றுக்கொண்டு உரியவர்களோடு பேசுகிறது.

கட்டணமும் சான்றிதழும்

ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் வலையமைப்பு, இயங்குதளம், மறையீட்டியல் எல்லாவற்றுக்கும் முழுப் பாடங்கள் இலவசமாக உள்ளன. கரக்பூர் ஐ.ஐ.டி. எத்திக்கல் ஹேக்கிங் என்ற பெயரிலேயே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம், அதுவும் சிறு தொகை. இவற்றை ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்க்கிற பிள்ளைக்குத் தனியார் வகுப்பு பெரும்பாலும் தேவைப்படாது. ஆறு மாதம் தொடர முடியாத பிள்ளைக்கு லட்ச ரூபாய் வகுப்பும் உதவாது. இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

வகுப்பில்தான் சேர வேண்டும் என்றால், போய்க் கேளுங்கள்: கருவிகளுக்கு முன் லினக்ஸும் வலையமைப்பும் எத்தனை வாரம் நடத்துவீர்கள்? பயிற்சி எந்தக் கணினிகள்மேல் நடக்கும்? நூறு சதவீதம் வேலை என்று போட்டிருக்கிறீர்களே, அதை எழுதித் தருவீர்களா? நடுவில் விட்டால் பணம் திரும்புமா? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், இன்னிக்கே சேர்ந்தா டிஸ்கவுன்ட்' என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். சான்றிதழ்களிலும் தராதரம் உண்டு. சரியான விடையைக் குறியிடும் வகைத் தேர்வுகள் விண்ணப்பத்தை முதல் சல்லடையில் நிற்க வைக்கும், அவ்வளவுதான். ஓ.எஸ்.சி.பி. போன்றவற்றில் ஏறத்தாழ ஒரு முழு நாள் உட்கார்ந்து நிஜமாகவே கணினிகளுக்குள் நுழைந்து காட்டி, பிறகு அறிக்கையும் எழுத வேண்டும். அது ஓரிரு வருடப் பழக்கத்துக்குப் பின் யோசிக்க வேண்டியது.

வேலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் கண்காணிப்பு. ராத்திரி ஷிப்டில் திரையில் ஓடும் பதிவுகளைப் பார்த்து, எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று பிரிப்பது. ஸ்டோல் செய்த அதே வேலை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கறுப்புக் கண்ணாடியும் பச்சை எழுத்தும் இல்லை. பார்த்ததை நாலு வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தவர் சீக்கிரம் மேலே வருகிறார். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, செய்ததை, செய்து தோற்றதை எழுதி வரட்டும். நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்கும்போது புரட்டிக் காட்ட அதுவே போதும்.

முதல் நோயாளி வீட்டில்தான்

கற்றதைச் சோதிக்க, அனுமதியும் உள்ள, அவசியமும் உள்ள இடம் ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. ஊரில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியின் ஸ்மார்ட்போன். பிள்ளைகள் வடக்கே, பெற்றோர் ஊரில் என்ற நம் குடும்ப அமைப்பு மோசடிக்காரர்களுக்கு ரொம்பச் சௌகரியம். "தில்லியில் இருக்கிற உங்க பையன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்" என்று ஒரு போன் போதும், கிழவர் நடுங்கிப்போவார். வீடியோவில் போலீஸ் உடுப்பைக் காட்டி, லைனைத் துண்டிக்காமல் மணிக்கணக்கில் பிடித்து வைத்துப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையனோ பெண்ணோ தாத்தாவைக் கேட்டுக்கொண்டு அந்தப் போனை ஒரு மணி நேரம் கையில் வாங்கட்டும். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். அனுமதி முறையின் அடிப்படையும் அதேதான். எந்தெந்தச் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வரும் ஏ.பி.கே. கோப்பு உண்மையில் ஒரு செயலி. தட்டி நிறுவிவிட்டால், அது கேட்பது இந்தக் குறுஞ்செய்தி அனுமதியைத்தான். கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. தாத்தா கண்ணில் படும் முன் திருடன் கைக்குப் போய்விடும். திரையைப் பிறர் பார்க்க உதவும் செயலிகள் இருந்தால் நீக்கிவிட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம் என்பதைத் தாத்தாவே திருப்பிச் சொல்லும் வரை சொல்ல வேண்டும்.

அப்படியும் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். மோசடிப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியில் எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில், கேஸ் ஏஜென்சி எண்ணுக்குக் கீழே, கண்ணாடி போடாமலும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டு ரயிலேறட்டும்.